பின்னால் வருகிறவருக்கு

முப்பத்துநான்கு வயதாகியும் வீட்டில் அவள் சின்னவள்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேருடைய எலும்பைப் பார்ப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அவள் சொன்னால் முறுக்கு மீசைக்காரர்கள்கூட மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் "சின்னவளுக்கு என்ன தெரியும்" என்ற ஒரே வரியில் அவள் பேச்சு அடிபட்டுப் போகும்.

மாடியில் ஒற்றை அறையில் அவள் இருந்தாள். கீழே அம்மாவும் அக்காவும் அக்காவின் கணவரும். அதிகாலை ஷிஃப்ட்டுக்கு நேரத்தில் பஸ் கிடையாது என்பதால் நாலு வருடத்துக்கு முன் ஒரு பைக் வாங்கினாள். யாரையும் கேட்காமல் அவள் செய்த ஒரே காரியம் அதுதான். சீட்டு, கண்ணாடி, சைலன்ஸர் எல்லாம் கம்பெனியில் இருந்து எப்படி வந்ததோ அப்படியே வைத்திருந்தாள். பின்பக்கம் நம்பர் பிளேட்டுக்கு இரண்டு புறமும், காது விடைத்த மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு இண்டிகேட்டர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அழகா என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. காதை அழகு பார்த்தா யாரும் வைத்திருக்கிறார்கள்?

அத்தான் பார்த்தார். அவர் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பவர். ஃபால்ஸ் சீலிங் போடுவது, சுவரோடு சுவராக அலமாரி அடிப்பது, ஒயர், பைப், சுவிட்ச் எதுவும் கண்ணில் படாமல் மூடுவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அத்தானிடம் கொடுத்தால் மறைத்துவிட்டு, மேலே ஒரு குட்டி விளக்கும் பொருத்திக் கொடுப்பார். எதைப் பார்த்தாலும் "நீட்டா இருக்கணும்" என்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிப்பதில்லை, குரல் உயர்த்துவதில்லை, மாமியாரை மாத்திரை வாங்க வெளியே விட்டதில்லை. தனக்குப் பிடித்தது எல்லாருக்கும் பிடிக்கும் என்று நினைப்பார். அது ஒன்றுதான்.

சின்னவள் ஆஸ்பத்திரி சார்பில் நாலு நாள் பயிற்சிக்கு வெளியூர் போனாள். போகும்போது, வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டாம் என்று சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்த மாலை, பெட்டியைக் கீழே வைக்கவிடாமல் அத்தான் அவளைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். அம்மாவும் அக்காவும் பின்னாலேயே வந்தார்கள். வண்டி மேல் ஒரு பழைய போர்வை கிடந்தது. அத்தான் அதைத் திரைச்சீலை விலக்குவது போல விலக்கினார்.

பின் மட்கார்டு பாதிக்கு மேல் இல்லை. ஹாக்ஸா பிளேடால் அறுத்து, விளிம்பைத் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். நம்பர் பிளேட் டயரை ஒட்டி மேலே ஏறியிருந்தது. ஆரஞ்சு விளக்குகள் இரண்டும் போன இடம் தெரியவில்லை. அவை இருந்த துளைகளைக்கூட அடைத்துவிட்டார். டெயில் லைட்டுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடிப் பட்டை. அதற்குள்ளேயே இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் இருக்கிறதாம். அத்தான் ஒவ்வொன்றாக விளக்கினார். தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டிருந்ததை எல்லாம் எடுத்துவிட்டதாகவும், ஒயரை வெட்டி ஒட்டுவதற்கே ஒரு நாள் ஆனதாகவும், எல்இடி போட்டால் படபடவென்று வேகமாக மின்னும் என்பதால் அதை நிதானமாக்கும் தனி ரிலே தேடி அலைந்ததாகவும் சொன்னார். தன் நண்பர்கள் மூன்று பேர் வண்டிக்கும் இப்படித்தான் செய்து கொடுத்தாராம். எல்லாரும் எங்கே செய்தது என்று கேட்கிறார்களாம்.

சின்னவள் குனிந்தாள். அவள் வெட்டுப்பட்ட விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னைக் கேக்கலையே அத்தான்" என்றாள்.

"கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?" என்று அவர் சிரித்தார்.

பழைய விளக்குகள் எங்கே என்று கேட்டாள். பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். மாப்பிள்ளை ஆசை ஆசையாகச் செய்திருக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம். அக்கா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தேங்க்ஸ் என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காகப் பின்னால் தன்னையே பல தடவை திட்டிக்கொண்டாள்.

ஒன்பது நாள் அந்த வண்டியை ஓட்டினாள்.

பத்தாம் நாள் காலை ஒன்பது மணி ஷிஃப்ட். நல்ல வெயில். ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்புவதற்காக இண்டிகேட்டர் போட்டாள், வேகத்தைக் குறைத்தாள், கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. விளக்கு மின்னுகிறது, பார்த்திருப்பார்கள் என்று திரும்பினாள். கார் அதே பக்கமாக அவளைத் தாண்டப் பார்த்தது. பின் டயரில் லேசாகத்தான் இடித்தது. லேசாக இடித்தால் போதாதா? வண்டி ஒரு பக்கம் விழுந்தது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். விழும்போது வலது கையை ஊன்றினாள். ஊன்றிய கணமே, எந்த எலும்பு என்பதுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காரிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். பக்கத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். "நீங்க லைட்டே போடலையேங்க" என்றாள்.

சின்னவளுக்கு அந்த வலியில் அந்தச் சொல் நெருப்பாக இருந்தது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேர் நடுவிலும் அவள் அந்த டீச்சரைப் பிடித்து உலுக்காத குறையாகத் திட்டினாள். லைட் போட்டேன், போட்டேன் என்று நாலு தடவை சொன்னாள். "குருடியா நீங்க? கண்ணை வீட்ல வெச்சுட்டா கார் ஓட்டறீங்க?" என்று கேட்டாள். டீச்சர் வாயை மூடிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரி காவலாளி பெரிய மனதோடு ஒரு தாளை எடுத்து வந்தார். கவனிக்காமல் இடித்தது தன் தவறுதான் என்று டீச்சர் அதில் எழுதி, விலாசமும் போன் நம்பரும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். சின்னவள் அதை இடது கையால் வாங்கிப் பைக்குள் திணித்தாள்.

அவளுடைய மேஜையிலேயே அவளைப் படுக்க வைத்து, அவளுடன் வேலை செய்யும் பெண் எக்ஸ்ரே எடுத்தாள். மணிக்கட்டில் படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு உண்டு. ஆறுவதற்குள் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். அதுதான் விரிசல் விட்டிருந்தது. கட்டைவிரலையும் சேர்த்து முழங்கைக்குக் கீழ் வரை மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் என்றார்கள்.

மதியம் வீட்டுக்குப் போகுமுன் வண்டியைப் பார்க்கப் போனாள். காவலாளி அதைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார். கீறல் பெரிதாக இல்லை. சாவியைப் போட்டு இடது கட்டைவிரலால் இண்டிகேட்டரைத் தள்ளினாள். டிக், டிக் என்று சத்தம் வந்தது. அப்பாடா, வேலை செய்கிறது என்று பின்னால் போய்ப் பார்த்தாள்.

ஒன்றும் தெரியவில்லை.

வெயில் அந்தக் கறுப்புப் பட்டையில் விழுந்து தகதகத்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்தாள். மண்டியிட்டு, மாவுக்கட்டுக் கையைக் குடை மாதிரி பட்டைக்கு மேல் பிடித்தாள். அப்போதுதான் உள்ளே, சிகரெட் நுனி கனன்று அணைவது போல ஒரு புள்ளி விட்டு விட்டு மின்னியது தெரிந்தது. மூக்கை வைத்துப் பார்த்தால் தெரியும் விளக்கு. இருபதடி பின்னால் காரில் வருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

அவள் அப்படியே மண்டியிட்டபடி இருந்தாள். காவலாளி ஓடிவந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அன்று மாலை அத்தான் வேலையிலிருந்து வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அத்தான் முகம் கழுவித் துடைத்துக்கொண்டே கேட்டார். அவள் பதற்றத்தில் சுவிட்ச் போட மறந்திருப்பாள் என்றார். போடாமலே போட்டதாகத் தோன்றுவது எல்லாருக்கும் நடப்பதுதானாம். அவர் நண்பர்கள் மூன்று பேர் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். கடைசியில், காரில் வந்தவளே தன் தப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகு இதில் பேச என்ன இருக்கிறது என்று முடித்துவிட்டார்.

"நான் போட்டேன் அத்தான். பின்னால போய் நானே பாத்தேன். தெரியலைங்க."

"வெயில்ல எந்த லைட்டும் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். நீ இன்னும் கவனமா ஓட்டணும்."

அவளுக்கு இருந்த கோபத்துக்கு ஏக வசனத்தில் பேசினால்கூட ஆறியிருக்காது. ஆனால் அக்கா புருஷனிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் வாலில் ஒரு 'ங்க' கட்டித்தான் விட வேண்டும். பல்லுக்கிடையில் கல் சிக்கியது மாதிரி ஒவ்வொரு 'ங்க'வும் நறநறத்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா உள்ளேயிருந்து பழமொழியை எடுத்துவிட்டாள். புத்தி மட்டாக இருக்கிறவர்களைப் பார்த்துத்தான் தனக்கு ஆத்திரம் வருகிறது என்று சின்னவள் பதில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அடுத்த ஐந்து நாளும் அக்காதான் எல்லாம் செய்தாள். காலையில் மாடிக்கு வந்து தலை வாரிப் பின்னிவிட்டாள். மாவுக்கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றிக் குளிக்க வைத்தாள். சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். எண்ணெய் தடவும்போது அவள் கை வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. இந்த வீட்டில் தனக்கென்று ஒரு ஆளாவது இருக்கிறாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். வேலைக்கு லீவு. படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பதும், அத்தான் சொன்ன 'கவனமா ஓட்டணும்' என்ற வார்த்தையை நூறு தடவை மென்று துப்புவதுமாகப் பொழுது போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்த வண்டியை அவள் தெருவுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். ஒற்றைக் கையால் உருட்ட முடியாமல் இடுப்பால் முட்டி முட்டித் தள்ளினாள். தெரு நடுவில், வீட்டுக்கு முதுகு காட்டி, ஸ்டாண்டு போட்டாள். முன்னால் இருந்த பழைய இண்டிகேட்டர்கள் இரண்டின் மேலும் ஆளுக்கொரு சாக்ஸை மாட்டினாள். முன் விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்து அத்தான் காப்பியடித்துவிடக் கூடாது. பிறகு உள்ளே போய், ஐந்தே நிமிஷம் வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

அவர் பேப்பரும் கையுமாக வந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அம்மா தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றாள். வண்டிக்குப் பின்னால் இருபது தப்படி எண்ணி அத்தானை நிற்க வைத்தாள். தான் வண்டியில் உட்கார்ந்து விளக்கைப் போடுவேன், எந்தப் பக்கம் என்று அவர் சொன்னால் போதும், சரியாகச் சொல்லிவிட்டால் தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டு அத்தோடு விட்டுவிடுகிறேன் என்றாள்.

அத்தான் பேப்பரை நெற்றிக்கு மேல் பிடித்தார்.

"அதை இறக்குங்க அத்தான். கார்ல வர்றவங்க பேப்பரைப் புடிச்சுக்கிட்டா வர்றாங்க?"

இறக்கினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கட்டைவிரலைச் சுவிட்ச் மேல் வைத்தாள். முதல் தடவை, கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இடது" என்றார். இரண்டாம் தடவை, "வலது. நல்லாவே தெரியுதே" என்றார். மூன்றாம் தடவை யோசிக்கவே இல்லை. "திரும்பவும் இடது. போதுமா?" என்று பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவள் இறங்கினாள். வந்து சுவிட்ச்சைப் பாருங்கள் என்றாள். அவர் வந்து பார்த்தார். அது நடுவில் இருந்தது.

"முதல் தடவைதான் போட்டேன். அது வலது பக்கம். ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் நான் எதையுமே போடலைங்க. இல்லாத லைட்டு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

அத்தான் முகம் கறுத்தது. இது ஏமாற்று வேலை, இதற்குப் பெயர் பரீட்சை இல்லை என்றார். அம்மா கேட்டைவிட்டு வெளியே வந்து, நடுத்தெருவில் வைத்துப் பெரியவரை இப்படியா அவமானப்படுத்துவது, எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது, உள்ளே வா என்று சின்னவளின் நல்ல கையைப் பிடித்து இழுத்தாள். சின்னவள் உதறினாள். அப்போது அக்கா பேசினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியலை."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த அன்னிக்கு?" என்றாள் சின்னவள்.

மாட்டி முடித்த அன்று மதியம், அத்தான் அக்காவைப் பின்னால் நிற்கவைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். பளபளப்பாக இருக்கிறது, ஆனால் மின்னுவது தெரியவில்லையே என்று அக்கா சொன்னாளாம். முதலில் உன் கண்ணாடியை மாற்று என்றாராம் அவர். அக்கா அடுத்த நாளே கண் டாக்டரிடம் போய்ப் பார்த்திருக்கிறாள். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்களாம். அதை அவரிடம் சொல்லவில்லை. அழுத்தினால் திறக்கும் என்று நீங்கள் கைப்பிடி வைக்காமல் விட்ட சமையலறை அலமாரிகளை மாவுக் கையோடு முழங்கையால் இடித்து இடித்துத் திறக்கிறேனே, அதைச் சொன்னபோதும் எனக்கு அழுத்தத் தெரியவில்லை என்றுதானே சொன்னீர்கள் என்று அக்கா அவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் பேப்பரைக் கக்கத்திலிருந்து எடுத்து மறுபடி மடித்தார்.

சின்னவள் அதையெல்லாம் கேட்கவே இல்லை. 'அன்னிக்கே' என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். அத்தான்மேல் இருந்த கோபம் சூடாக இருந்தது. அது கையைக் காலை ஆட்டச் சொல்லும் கோபம். இது அப்படி இல்லை. இது கையை அசைக்கவிடாமல் நிற்கவைத்தது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ அவரைக் கேப்ப. சண்டை வரும்னு..."

"ஒம்பது நாள் ஓட்டினேன்க்கா. தினம் காலைல நான் வண்டியை எடுக்கும்போது வாசல்ல நின்னு கையாட்டுன. அப்பவும் உனக்குத் தெரியும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைக்கூடச் சின்னவளால் தாங்க முடியவில்லை. சண்டைதானே போட்டிருப்பேன், இப்போது மட்டும் என்ன சமாதானமாகவா இருக்கிறோம் என்று கத்தினாள். இவருக்கு அறிவில்லை, உனக்கு அறிவு இருந்தும் பேசவில்லை, இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டாள். அந்த 'அறிவில்லை'க்கு அவள் 'ங்க' போடவில்லை என்பதை அம்மா மட்டும்தான் கவனித்தாள். சின்னவள் வண்டியை அங்கேயே, சாக்ஸோடு, தெரு நடுவில் விட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா இரண்டு தடவை வந்து தட்டினாள். திறக்கவில்லை. தலைமுடியெல்லாம் வேர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் அள்ளிக் கட்டப் பார்த்தாள், நழுவி நழுவி விழுந்தது. வலி மாத்திரையைத் தேடிக் கைப்பையைக் கட்டில் மேல் கவிழ்த்தாள். மாத்திரையோடு நாலாக மடித்த அந்தத் தாளும் விழுந்தது.

விரித்துப் படித்தாள். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் பழகிய உருண்டையான கையெழுத்து. கவனக்குறைவாக ஓட்டியது என் தவறு.

வண்டிக்குப் பின்னால் மண்டியிட்ட அந்த மதியத்திலிருந்து இது பொய் என்று அவளுக்குத் தெரியும். எழுதியவளுக்குத்தான் தெரியாது. தாளில் போன் நம்பர் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? அத்தானை எப்படி மடக்குவது என்று விட்டத்தைப் பார்த்துத் திட்டம் போட நேரம் இருந்தது, இதற்கு இல்லை. அக்கா ஒன்பது நாள் பேசாமல் இருந்தாள். நீ ஆறு நாள், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதும் பக்கத்தில் இருந்த தலையணையைச் சுவரில் வீசினாள். ஆனால் அது யார்மேல் வீசியது என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் கீழே இறங்கி, அந்த டீச்சர் வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அக்கா ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். இருவரும் ஒரு வாடகை வண்டியில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டீச்சர் இரண்டாம் மாடியில் இருந்தாள். கதவைத் திறந்தவள் மாவுக்கட்டைப் பார்த்ததும் பதறி உள்ளே கூப்பிட்டு, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, நாற்காலியில் குவிந்து கிடந்த பிள்ளைகளின் நோட்டுகளை அள்ளி ஒதுக்கினாள். சின்னவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். விளக்கு எரிந்தது உண்மை, அக்காவின் கணவர் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டிய அது யார் கண்ணுக்கும் தெரியாது என்பதும் உண்மை. உங்கள் தப்பு இதில் இல்லை. அது தனக்கு அன்றைக்கு மதியமே தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டுத் தாளை நீட்டினாள். பக்கத்தில் அக்கா, தனக்கு அதற்கும் முன்னாலேயே தெரியும் என்றாள்.

டீச்சர் தாளை வாங்கிக்கொண்டாள். பரவாயில்லைங்க என்று சொல்வாள் என்று சின்னவள் எதிர்பார்த்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்கிற ஆளாகத்தான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

"அன்னிக்கு இருபது பேர் முன்னாடி என்னைக் குருடின்னு சொன்னீங்க. அதுல ரெண்டு பேர் என் கிளாஸ் பசங்களோட அம்மாங்க. அடுத்த நாளே ஸ்கூல்ல போய்ச் சொல்லிட்டாங்க. இப்ப பசங்களை ரோடு தாண்டிக் கூட்டிட்டுப் போகக்கூட என்னை விடறதில்லை. ஆறு நாளா நான் கார் சாவியைத் தொடலை. எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நானே நம்பிட்டேன்."

குரல் உயரவில்லை, ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று சின்னவள் சொன்னாள். அதை இந்த அறைக்குள் கேட்டால் தனக்கு என்ன லாபம் என்றாள் டீச்சர். திட்டியது நடுத்தெருவில், மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டா என்று கேட்டாள். பிறகு தெளிவாக, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போல, தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள். விளக்கைக் கழற்றிய மனிதர் யாரோ, அவரே பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். தலைமை ஆசிரியை முன்னால், அந்த இரண்டு அம்மாக்களையும் வைத்துக்கொண்டு, தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினாள். அது சரிதான் என்று சின்னவளுக்குப் பட்டது. படியில் இறங்கும்போது அந்தப் பெண்மேல் அவளுக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது.

அத்தான் போக முடியாது என்றார். ஒரு பள்ளிக்கூடத்தில் போய்க் குற்றவாளி மாதிரி நிற்க நான் என்ன கொலையா செய்தேன் என்றார். நாலு வீட்டில் வேலை செய்கிற மனிதனுக்குப் பெயர் முக்கியம், ஊரெல்லாம் பரவினால் யார் கூப்பிடுவார்கள் என்றார். அம்மா ஆமாம் என்று தலையசைத்தாள். சின்னவள் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனாள். அக்கா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"நீங்க போகலைன்னா நான் போறேன். எல்லாத்தையும் சொல்லுவேன். கண் டாக்டர்கிட்ட போனதையும் சேத்து."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அக்கா அவரிடம் இவ்வளவு நீளமாக எதிர்த்துப் பேசியதை யாரும் கேட்டதில்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்தான் முதலில் பார்வையை மாற்றினார்.

புதன்கிழமை காலை அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். அக்காவும் கூடப் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். அங்கே என்ன நடந்தது என்று அக்கா இரண்டே வரியில் சொன்னாள். முதலில் அவர் நியாயம் சொல்லப் பார்த்தாராம். அந்த இரண்டு அம்மாக்களில் ஒருத்தி, உங்கள் மச்சினி பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு அவர் முழுவதையும் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அக்காவின் கண் கலங்கியது. சின்னவள் கேட்டுக்கொண்டாள். தலை வாரிக்கொள்ளவும் அவளிடம் உட்கார்ந்தாள். ஆனால் பழைய மாதிரி பேச முடியவில்லை. இன்னும் எத்தனை நாள் இப்படி என்று இருவருக்குமே தெரியவில்லை.

வண்டியை மெக்கானிக் எடுத்துக்கொண்டு போனார். அறுத்த மட்கார்டை ஒட்டவைக்க வழியில்லை, பின்பக்கம் முழுவதையும் புதிதாகத்தான் வரவழைக்க வேண்டும் என்றார். அந்தக் கறுப்புப் பட்டையைக் கழற்றிக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலை என்னவோ சுத்தமாகத்தான் செய்திருக்கிறார் என்று பாராட்டினார். சின்னவள் பார்த்த பார்வையில் அடுத்த வார்த்தை சொல்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை முதல் அவளுக்கு ஆஸ்பத்திரியில் மேஜை வேலை கொடுத்திருந்தார்கள், ஒற்றைக் கையால் செய்யக்கூடியது. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கும்போது கீழே அத்தான் போனில் பேசும் சத்தம் கேட்டது. அந்த மூன்று நண்பர்களில் இருவர் வண்டியை ஏற்கெனவே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவர் வியாழனும் வெள்ளியும் உட்கார்ந்து, துருத்திக்கொண்டிருக்கும் விளக்குகளையே வாங்கி மாட்டிக் கொடுத்திருந்தார். மூன்றாமவர் மாட்டேன் என்கிறார் போலிருந்தது. வண்டியோட லுக்கே போய்விடும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

குரல் உயர்த்தாத மனிதர் வீடே அதிரக் கத்தினார்.

"லுக்காம் லுக்கு! பின்னால வர்றவனுக்குத் தெரியணுமா வேணாமா? உனக்கு அறிவே இல்லையா? நாளைக்கு வண்டியைக் கொண்டு வரலை, நானே வந்து புடுங்கிடுவேன்!"

அம்மா பயந்துபோய் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அக்கா வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அத்தான் போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் படியில் சின்னவளைப் பார்த்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார்.

"வேணாங்க" என்றாள் அவள்.

கேட்டைத் திறந்து வெளியே வந்தாள். மாவுக்கட்டுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது, சொறிய வழியில்லை. ஏழே காலுக்கு ஒரு பஸ் உண்டு. வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம் என்று நடையை எட்டிப் போட்டாள்.